ஏலம் முன்பா, பின்பா? குமரி மாவட்டத்தில் கடல்மீனும் குளத்துமீனும் நிர்வகிக்கப்படும் விதம்

நாகர்கோவிலைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் ஏப்ரலில் கரையில் நிற்கின்றன, குளச்சலில் ஜூனில் நிற்கின்றன. எங்கள் ஊர்க் குளத்தில் மீன் பிடிப்பதற்கு முன்பே ஏலம் விடுகிறார்கள், கடற்கரையிலோ பிடித்து வந்த பிறகுதான் ஏலம் நடக்கிறது. ஒரே மீன்வளத்துறை இவ்வளவு வேறுபட்ட முறைகளில் ஏன் நிர்வகிக்கிறது?"

நல்ல கேள்வி. ஏலத்தைப் பற்றி நீங்கள் கவனித்திருப்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. குளத்துக்கு உடைமையாளர் உண்டு. அது நீர்வளத்துறையாகவோ ஊராட்சியாகவோ இருக்கும். ஆகவே மீன் பிடிபடுவதற்கு முன்பே, அந்த நீரில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட முடிகிறது. கடல் யாருக்கும் உடைமையல்ல, அதில் நீந்தும் மீனும் வலையில் விழும்வரை யாருக்கும் உரியதல்ல. ஆகவே கடலில் அரசால் மீனை விற்க முடியாது. யார், எந்தக் கலத்தில், எந்த வலையுடன், எங்கே, எப்போது செல்லலாம் என்று மட்டுமே சொல்ல முடியும். கடல் மீன்வள நிர்வாகம் என்று நாம் சொல்வதெல்லாம் மீனை ஆள்வது அன்று, மீனிடம் செல்லும் மனிதரை ஒழுங்குபடுத்துவதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், சிதறிக் கிடப்பதாகத் தோன்றும் விதிகள் பலவும் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடும்.

முதலில் அதிகாரம் யாருடையது என்பதைப் பார்ப்போம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21-ஆம் இனமாகவும், ஆட்சிக்கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலின் 57-ஆம் இனமாகவும் உள்ளன. 1976-இல் இயற்றப்பட்ட கடல்மண்டலச் சட்டத்தின்படி கரையிலிருந்து 12 கடல்மைல் வரை ஆட்சிக்கடல், 200 கடல்மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். எனவே முட்டத்திலிருந்து புறப்படும் ஒரு படகு முதல் 12 மைலுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் அதற்கப்பால் ஒன்றிய அரசின் ஆணைகளுக்கும் உட்பட்டது. அந்தப் படகு விழிஞ்ஞத்திலோ நீண்டகரையிலோ கொச்சியிலோ மீனை இறக்கினால் கேரளச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். குமரி மாவட்ட மீனவர்களில் கணிசமானோர் இந்த மூன்று அதிகாரங்களுக்கும் ஒரே பயணத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள். மாநில எல்லை நீரோடியில் முடிகிறது, மீனுக்கும் மீனவனுக்கும் அங்கே முடிவதில்லை.

தமிழ்நாட்டின் அடிப்படைச் சட்டம் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். அது ஏன் பிறந்தது என்பதை அறிந்தால்தான் அதன் இயல்பு புரியும். 1953-இல் கொல்லத்தின் அருகே இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, இறால் ஏற்றுமதியின் உந்துதலால் இழுவைமடி போட்ட விசைப்படகுகள் தென்கரை முழுவதும் பெருகின. அவை கரையோரக் கடலின் அடித்தளத்தை வாரிச் சென்றபோது, கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்ற மீனவர்களின் வலைகள் அறுந்தன, கடலிலும் கரையிலும் மோதல் மூண்டது. அந்த மோதலைத் தீர்க்க எழுந்த சட்டம் என்பதால் அதன் உயிர்நிலை எல்லைக்கோட்டிலேயே இருக்கிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும் என்று தொடங்கிய அந்தக் கோடு, 2020-ஆம் ஆண்டின் விதிகளில் 5 கடல்மைலாக விரிந்தது. அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்ற நேர விதியும் இதைச் சார்ந்ததே. இருட்டில் நாட்டுப்படகின் வலை விசைப்படகின் கண்ணுக்குத் தெரியாது.

இந்த நேர விதியை நம் மாவட்டத்தில் ஒரே அளவுகோலாக வைத்துப் பார்க்க முடியவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சின்னமுட்டத்துப் படகுகள் காலையில் சென்று இரவில் திரும்புகின்றன. குளச்சல், தேங்காப்பட்டணம் பகுதியின் ஆழ்கடல் படகுகள் ஒரு வாரமும் அதற்கு மேலும் கடலில் தங்குகின்றன. தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்களிலிருந்து சுறாவுக்கும் சூரைக்கும் செல்லும் தூண்டில் தொழிலாளர்கள் நாட்கணக்கில் ஓடினால்தான் மீன் இருக்கும் இடத்தையே அடைகிறார்கள். இழுவைமடிப் படகுக்காக எழுதிய விதியைத் தூண்டில் படகின்மேல் போர்த்தும்போது, அது காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

இனி, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாத தடைக்காலம். தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாட்களாக இருந்த இத்தடை 2017-இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பல மீன்கள் முட்டையிடும் பருவத்தோடு இக்காலங்கள் பொருந்துவதாகக் கருதப்படுகிறது, மேற்கில் தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பும் சேர்கிறது. நிலம் திரும்பும் முனையில் இருப்பதால் நம் மாவட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஆரோக்கியபுரமும் சின்னமுட்டமும் கிழக்கு, முட்டம் முதல் நீரோடி வரை மேற்கு. அதனால்தான் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்களைக் காண்கிறீர்கள். கேரளத்திலோ இழுவைமடித் தடை 1988-இல் தொடங்கியது, ஜூன் 9 நள்ளிரவில் ஆரம்பித்து 52 நாட்கள் நீடிக்கிறது. நீரோடிக்கு இப்புறம் தடை விழுந்த பின்னும் கேரள எல்லை ஊரான பொழியூருக்கு அப்புறம் சில நாள் படகுகள் ஓடுவதை நம் மீனவர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தடையால் வருவாய் இழக்கும் குடும்பங்களுக்கு மாநில அரசு வழங்கிய நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. இதைத் தவிர, மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் ஒன்றிய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் நீண்ட காலமாக நடைமுறையில் உள்ளது. ஓர் ஊர்ச் சங்கத்தில் சில ஆண்டுகள் எழுத்தராக இருந்து இந்தச் சேமிப்புக் கணக்குகளை எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 61 நாட்களுக்கு இந்தத் தொகையை வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டின் அன்றாடச் செலவுக்கே அது போதாது. ஆனால் வட்டிக்காரரிடம் முதல் முறை போவதைச் சில வாரங்கள் தள்ளிப்போட அது உதவியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சிறு தொகை என்று இதை இகழ்வோர் அந்தச் சில வாரங்களின் மதிப்பை அறியாதவர்கள்.

தடையின் பயன் என்ன என்று கேட்டால், அது தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் கருத்து. தடை நாட்களில் காப்பாற்றப்பட்ட குஞ்சுகளை, தடை முடிந்த மறுவாரமே சிறுகண் வலையால் வாரினால் 61 நாள் பட்டினிக்குப் பொருளே இல்லாமல் போகிறது. சாளை மீனின் கதை இதற்குத் தெளிவான சான்று. 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021-இல் வெறும் 3,297 டன்னாக வீழ்ந்தது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. எல் நினோவால் கடலின் வெப்பமும் உணவும் மாறியது ஒரு காரணம், குஞ்சுச் சாளையைத் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் அள்ளியது மற்றொரு காரணம். கேரளம் 2015 முதல் பல இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை வரையறுத்தது, சாளைக்கு அது 10 சென்டிமீட்டர். நாட்களைத் தடுப்பதைவிட நீளத்தைத் தடுப்பது கடினம். ஒவ்வொரு கூடையையும் ஒருவர் பார்க்க வேண்டும். ஆனால் மீனின் வாழ்க்கைச் சுழற்சியைத் தொடுகிற விதி அதுதான். தமிழ்நாட்டு விதிகள் இழுவைமடியின் கடைசியில் மீன் சேரும் கடைப்பைக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி வேண்டும் என்கின்றன. துறைமுகத்தில் வலையை விரித்து அளந்து பார்க்கும் ஆட்கள் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

வலை வகைகளில் கடும் பூசல் சுருக்குமடியைப் பற்றியது. முழுக் கூட்டத்தையும் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் இந்த வலையைத் தமிழ்நாடு 2000-இல் தன் ஆட்சிக்கடலில் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 முதல் மாலை 6 மணிக்குள் மட்டும் என்று இடைக்கால அனுமதி அளித்தது. போய்வர எடுக்கும் நேரத்தைக் கழித்தால் வலை வீச எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று எந்த மீனவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியையும், செயற்கை ஒளி பாய்ச்சி மீனைத் திரட்டுவதையும் ஒன்றிய அரசு 2017-இல் பொருளாதார மண்டலம் முழுவதும் தடை செய்தது. இதில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. எல்.இ.டி. விளக்கு எரியும் இடத்துக்குச் சுற்றுவட்டாரத்தின் நெத்திலியும் கணவாயும் மொத்தமாக வந்து சேரும். அன்றிரவு அருகிலுள்ள வள்ளங்களுக்கு எதுவும் கிடைக்காது.

கலங்களைப் பதிவு செய்வது இன்னொரு கருவி. நம் மாவட்டத்து விசைப்படகின் முகப்பில் டி.என்.–15–எம்.எம். என்று வரும் எண்ணைக் காணலாம். 15 நம் மாவட்டத்தையும் எம்.எம். விசைப்படகையும் குறிக்கும், மோட்டார் பொருத்திய வள்ளங்களுக்கு எம்.ஓ. வரும். பதிவில்லாத கலத்துக்கு வரிவிலக்கு டீசல் இல்லை, காப்பீடு இல்லை, நிவாரணமும் இல்லை. அரசின் கையில் உள்ள உண்மையான கடிவாளம் அபராதத்தைவிட இந்த மானிய டீசல்தான். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட பொருளாதார மண்டல விதிகள், விசைப்படகுகளும் பெரிய மோட்டார் கலங்களும் 12 மைலுக்கு அப்பால் செல்ல இணையவழி அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்கின்றன, சிறு மற்றும் பாரம்பரிய மீனவர்களுக்கு விலக்கு அளிக்கின்றன.

தூத்தூர் வட்டாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். மீனைக் காக்கும் சட்டம் மீனவரைக் கேளாமல் எழுதப்பட்டால் என்ன நேரும் என்பதற்கும், கேட்டுத் திருத்தப்படலாம் என்பதற்கும் இந்த ஊர்களே சான்று. 2001 ஜூலையில் ஒன்றிய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதாவது தூண்டிலில் எந்தச் சுறா சிக்கினாலும் புலியைக் கொன்றதற்கு இணையான குற்றம். சுறாவையே நம்பியிருந்த ஊர்கள் எதிர்த்தன, அறிவியலாளர்களும் எல்லா இனங்களும் அழிவின் விளிம்பில் இல்லை என்று எடுத்துரைத்தனர். அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. பிறகு 2015-இல் சுறாத் தூவி (துடுப்பு) ஏற்றுமதி தடை செய்யப்பட்டபோது, பிடிக்கும் உரிமை இருந்தும் சுறாவின் மிக விலையுயர்ந்த உறுப்புக்குச் சந்தை இல்லாமல் போனது. சுறாக்கள் மெதுவாக வளர்ந்து குறைவாகக் குட்டி போடுபவை, அவற்றுக்குக் காவல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுச் சுறாவையும் கரைக்குக் கொண்டுவந்து இறைச்சியையும் விற்கும் தூண்டில்காரரையும், தூவியை மட்டும் அரிந்துகொண்டு உடலைக் கடலில் எறியும் அந்நியக் கப்பலையும் ஒரே தட்டில் வைத்தது நியாயமன்று.

இதே மீனவர்கள்தான் மீன் தேடி இந்தியப் பெருங்கடல் தீவான டியகோ கார்சியாவின் அருகுவரை சென்று பிரித்தானிய அதிகாரிகளிடம் பிடிபடுகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வந்தபோது நடுக்கடலில் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தவர்களும் இவர்களே. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மீன்வள நிர்வாகம் என்ற சொல்லின் பொருள் நம் கரையில் அன்று மாறியது. அதுவரை வலையும் மைலும் பேசிய துறை, அதன் பிறகு செயற்கைக்கோள் வழிச் செய்தியையும் படகின் இருப்பிடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியையும் பேசத் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரு லட்சம் கலங்களுக்கு இக்கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் பின்னர் வந்தது. கரை திரும்புவதும் ஆபத்தற்றதாக இல்லை. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடும் அலையும் சேர்ந்து படகுகளைக் கவிழ்த்துப் பலரைப் பலிகொண்டிருக்கின்றன. ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டும் கல்தடுப்பு) கட்டினால் அடுத்த ஊரின் மணலைக் கடல் எடுத்துக்கொள்கிறது. மீன்வளத்துறைக்குத் தரும் மனுக்களில் பெரும்பங்கு இன்று மீனைப் பற்றியதே அன்று, இத்தகைய கட்டுமானங்களைப் பற்றியதுதான். ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஒருமுறை சென்று பாருங்கள், உங்களுக்கே விளங்கும்.

கடலைப் பற்றி இன்னும் ஒன்று. கன்னியாகுமரிக்குத் தெற்கே 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும் வாட்ஜ் திட்டு, தென்னிந்தியாவின் மிக வளமான மீன்படுகைகளில் ஒன்று. 1976 மார்ச்சில் இலங்கையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அது இந்தியப் பொருளாதார மண்டலத்துக்கு உரியது. அந்த நீர்ப்பரப்பை ஒட்டி எண்ணெய், எரிவாயுத் தேடலுக்குத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து நம் கடலோர ஊர்கள் குரல் கொடுத்து வருகின்றன. இங்கே ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. மீனவர் எந்த வலையை இறக்கலாம் என்று மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும் அமைப்புக்கு, அதே கடலடியில் யார் துளையிடலாம் என்பதில் முடிவெடுக்கும் இடம் இல்லை. அந்த முடிவு வேறோர் அமைச்சகத்தில் எடுக்கப்படுகிறது.

வளர்ப்பு மீனுக்கு வருவோம். இங்கே அரசின் பங்கு உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் குஞ்சு தருவதும் ஆகும். உவர்நீர் இறால் பண்ணைகள் 1990-களில் நெல்வயலையும் குடிநீரையும் கெடுத்ததைத் தொடர்ந்து, 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பை அளித்தது. அதன் விளைவாக 1997-இல் ஓர் ஆணையமும், 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் வந்தன. மணக்குடிக் கழிமுகம் போன்ற இடங்களின் அருகே இறால் வளர்க்க விரும்புவோர், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் வழியாக இந்த ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டபோது சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் எஞ்சியது. பழையாறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்தின் அலையாத்திக் காட்டில்தான் பல மீன்களின் குஞ்சுகள் வளர்கின்றன என்பதால், இந்தத் தளர்வு எனக்கு உவப்பாக இல்லை.

உள்நாட்டு மீன்வளம் நம் மாவட்டத்தில் அதிகம் பேசப்படாதது, ஆனால் பெரியது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும் ஆயிரக்கணக்கான குளங்களும் இதில் அடங்கும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகள் தேங்கிய குளத்தில் இயல்பாக இனம்பெருக்குவதில்லை. 1957-இல் கட்டாக்கில் ஊக்கி (ஹார்மோன்) ஊசி செலுத்தி இவற்றை முட்டையிடச் செய்யும் முறை கண்டறியப்பட்ட பிறகே, பண்ணையில் குஞ்சு பொரித்துக் குளத்தில் விடுவது சாத்தியமாயிற்று. எனவே கடலில் அரசு பிடிப்பதைக் கட்டுப்படுத்துகிறது, குளத்தில் அரசே மீனைப் பிறப்பிக்கவும் வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊர்க் குளத்தில் நீங்கள் கண்டது மீன்பாசி குத்தகை. ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைக் கணக்கான பசலி ஆண்டைக் கணக்கிட்டு இந்த உரிமை வழங்கப்படுகிறது. குத்தகைதாரர் விலைக்கு வாங்குவது மீனை மட்டுமே, தண்ணீரை அல்ல. சிக்கல் பிறக்கும் இடமும் இதுவே. மீனைப் பிடிக்க நீர் வற்ற வேண்டும், நெல்லுக்கும் வாழைக்கும் நீர் நிற்க வேண்டும். மீனைக் கொழுக்க வைக்கக் கோழிக் கழிவைக் கொட்டினால் குளிக்கவும் துவைக்கவும் வருவோர் தவிக்கிறார்கள். அதே குளத்தில் தோவாளைப் பூச்சந்தைக்குச் செல்லும் தாமரையும் வளரக்கூடும். சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. அங்கே பறவைகள் உண்பதும் மீன்தான். பறவையை விரட்ட வெடி வெடிக்கும் குத்தகைதாரர் தன் முதலைக் காக்கிறார், சரணாலயமோ தன் காரணத்தையே இழக்கிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்று நான் கருதுகிறேன். குத்தகை ஒப்பந்தத்திலேயே மடையைத் திறக்கும் அதிகாரம் பாசனத்தாரிடம் இருக்கும் என்றும், கழிவுத் தீவனம் கூடாது என்றும், ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது என்றும் தெளிவாக எழுதலாம். அந்தக் கெளுத்தி நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. வெள்ளத்தில் தப்பி ஆற்றில் கலந்தால் உள்ளூர் மீன்களை மிச்சம் வைக்காது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஊர் மக்கள் பார்க்கக் கேட்கலாம். ஊராட்சிக் குளமென்றால் கிராம சபையில் கேட்கலாம், பெரிய குளமென்றால் நாகர்கோவிலிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேட்கலாம். அடுத்த பசலிக்கான ஏலம் அறிவிக்கப்படும் முன், மே மாதத்துக்குள் கேட்பது நல்லது. ஏலம் முடிந்து பணம் கட்டிய பிறகு எழும் எந்தக் கோரிக்கையும் அடுத்த ஆண்டுக்குத்தான் தள்ளிப்போகும்.